இருளில் நாம் காண்பது எது?

இரவு மின்சாரம் நின்றுபோன சமயத்தில் வீட்டை விட்டு வெளியே வந்து நின்றிருப்பீர்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. சில நிமிடம் பொறுத்தால் சுவரும் மரமும் நிழலாகத் தெரியும். அரைமணி நேரம் ஆனால் கண் இருளுக்கு நன்றாகவே பழகிவிடும். ஆனால், வேலியோரம் படுத்திருப்பது ஆடா, நாயா, அல்லது போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனா என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. 'ஏதோ இருக்கிறது' என்பது வேறு. 'இன்னது இருக்கிறது' என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க மனிதன் செய்த முயற்சிதான் இரவுப் பார்வைக் கருவியின் வரலாறு.

போர்க்களத்தில் பிறந்த இக்கருவி இன்று கடையில் விற்கும் பொருளாகிவிட்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை இரவில் வேட்டையாடுவோர் இதை வாங்குகிறார்கள். புயலடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனால் உதவும் என்று முன்னேற்பாடாக வாங்கி வைப்போரும் உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆயினும், 'முதன்முதலாக ஒரு கருவி வாங்குவதானால் எதை வாங்குவது?' என்று அந்நாட்டார் கேட்கும் கேள்வியில் நாமும் அறிய வேண்டிய அறிவியல் நிறைய இருக்கிறது. கடைக்காரர் 'முதல் தலைமுறை', 'மூன்றாம் தலைமுறை', 'வெப்பக் கருவி' என்றெல்லாம் அடுக்குவார். இச்சொற்களின் பொருள் வரலாற்றில் இருக்கிறது. வாருங்கள், அதைப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியே செலுத்தி நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில் வைத்தபோதும் வெப்பமானி ஏறிற்று! கண்ணுக்குத் தெரியாத இக்கதிர்களைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

அடுத்த படி ஒளிமின் விளைவு. சில உலோகங்களின் மேல் ஒளி பட்டால் அவற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. 1887-இல் ஹெர்ட்ஸ் இவ்விளைவைக் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதற்கு விளக்கம் தந்தார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு மெல்லிய பூச்சு உருவாயிற்று. சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்புக் கதிர்கள் பட்டாலும் இப்பூச்சு எலெக்ட்ரான்களை வெளியிட்டது.

1934-இல் ஹாலந்து நாட்டில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹோல்ஸ்ட்டும் அவருடைய தோழர்களும் இந்தப் பூச்சைக் கொண்டு ஒரு குழாய் செய்தார்கள். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் இந்தப் பூச்சு, மறுமுனையில் ஒளிர்திரை, இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம். அகச்சிவப்பு உருவம் பூச்சின்மேல் விழுந்ததும் எலெக்ட்ரான்கள் கிளம்பி, மின்னழுத்தத்தால் வேகம் பெற்று, ஒளிர்திரையில் மோதும். மோதிய இடமெல்லாம் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத உருவம் கண்ணுக்குத் தெரியும் உருவமாகிவிடும். இதற்கு உருமாற்றுக் குழாய் என்று பெயர்.

விளக்கே பகையானது

இக்குழாய் ஒளியை மாற்றியதே தவிர, பெருக்கவில்லை. எனவே கூடவே ஒரு விளக்கும் தேவைப்பட்டது. விளக்கின் முன்னால் ஒரு கறுப்பு வடிகட்டி இருக்கும். அது சாதாரண ஒளியைத் தடுத்து, அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் வெளியே விடும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியர்கள் 'வாம்பீர்' என்ற கருவியைத் துப்பாக்கியில் பொருத்தினார்கள். இரவில் நடமாடி இரத்தம் குடிக்கும் கற்பனைப் பேயின் பெயர் அது. கருவியும் விளக்குமாக எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால், அதை இயக்கும் பாட்டரிப் பெட்டி 13 கிலோவுக்கு மேல். அதை வீரன் முதுகில் சுமந்தான். அமெரிக்கரும் இதே முறையில் ஒரு கருவி செய்து 1945-இல் ஒகினாவாத் தீவுப் போரில் பயன்படுத்தினர். அது காட்டிய தொலைவு 100 மீட்டருக்கு உட்பட்டதே.

இந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்ததைக் கவனித்தீர்களா? எதிரியிடமும் இதே கருவி இருந்தால், நம் விளக்கு அவன் கண்ணுக்குக் கலங்கரை விளக்கம்போல் எரியும்! ஒளிந்திருப்பதற்காக ஏற்றிய விளக்கே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தக் கதை பழங்கதை அன்று. இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் எண்முறை இரவுக் கருவிகளில் குழாய்க்குப் பதிலாக, காமிராவில் உள்ளது போன்ற சிலிக்கன் உணர்வி இருக்கிறது. ஆனால், நல்ல இருட்டில் அவையும் தம் அகச்சிவப்பு விளக்கை நம்பித்தான் இருக்கின்றன. விளக்கு எட்டும் தொலைவுதான் கருவி எட்டும் தொலைவு.

நட்சத்திரம் தரும் வெளிச்சம்

விளக்கு இல்லாமலே பார்க்க முடியாதா? வானத்திலேயே வெளிச்சம் இருக்கிறதே! நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். முழுநிலவு சுமார் கால் லக்ஸ். நிலவில்லாத தெளிந்த இரவில் விண்மீன்கள் தரும் ஒளி ஏறக்குறைய 0.001 லக்ஸ். இதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினால் போதும்.

1955-இல் அமெரிக்காவில் சோமர் என்பவர் பல கார உலோகங்களைச் சேர்த்து, மங்கிய ஒளியையும் நன்கு உணரும் ஒரு பூச்சைக் கண்டார். மூன்று குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடி இழைத் தட்டுகளால் இணைத்தனர். முதற்குழாய் பெருக்கிய ஒளியை இரண்டாவது பெருக்கும்; அதை மூன்றாவது பெருக்கும். 1960-களில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய 'நட்சத்திர ஒளி' நோக்கி இதுதான். இதுவே 'முதல் தலைமுறை'. எடை சுமார் 2.7 கிலோ. அருகில் பிரகாசமான விளக்கு எரிந்தால் படம் முழுதும் வெளுத்துப் போகும். ஓரங்களில் உருவம் வளையும். மேகம் மூடிய காட்டு இரவில் பெருக்குவதற்கு ஒளியே இராது.

அடுத்து வந்தது நுண்குழாய்த் தட்டு. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள ஒரு கண்ணாடி வில்லையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் இலட்சக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. துளைக்குள் நுழையும் எலெக்ட்ரான் சுவரில் மோதினால் சில எலெக்ட்ரான்கள் தெறிக்கும். அவை மீண்டும் மோதினால் மேலும் பல. ஒன்று ஆயிரமாகி வெளிவரும். மூன்று குழாய்கள் செய்த வேலையை ஒரே வில்லை செய்தது. கருவி கைக்கு அடக்கமாயிற்று. இது 'இரண்டாம் தலைமுறை'.

இதே தட்டுடன் காலியம் ஆர்சினைடு பூச்சு சேர்ந்தபோது 'மூன்றாம் தலைமுறை' வந்தது. 1991-ஆம் ஆண்டின் வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகள் இதையும் பயன்படுத்தின. நல்ல மூன்றாம் தலைமுறைக் குழாய் ஏறக்குறைய 10,000 மணி நேரம் உழைக்கும். ஆனால், விலை ஆயிரக்கணக்கான டாலர். அமெரிக்க அரசின் அனுமதி இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். இரவுப் பார்வைத் தொழில்நுட்ப விவரங்களைச் சட்டவிரோதமாக வெளிநாடுகளுக்கு அனுப்பியதை ஒப்புக்கொண்ட ஐ.டி.டி. நிறுவனம், 2007-இல் 10 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

உடலே விளக்கானால்?

ஒளியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கும் இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. சூடுள்ள எப்பொருளும் கதிர் வீசுகிறது. மனித உடலும் விலங்கின் உடலும் ஏறக்குறைய 10 மைக்ரான் அலைநீளமுள்ள கதிர்களை மிகுதியாக வீசுகின்றன. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) முன்சொன்ன குழாய்கள் இக்கதிர்களை உணரா.

1959-இல் இங்கிலாந்தில் பாதரசம், காட்மியம், டெலூரியம் சேர்ந்த ஒரு கலவை இவ்வேலைக்கு ஏற்றது என்று கண்டனர். ஆனால், அது நன்கு வேலை செய்ய வேண்டுமானால் அதைத் திரவ நைட்ரஜன் அளவுக்கு, அதாவது சுழிக்குக் கீழே 196 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். தனிமனிதர் வாங்கும் பொருளா அது? குளிர்விக்கத் தேவையில்லாத நுண்வெப்ப உணர்வி 1980-களில் அமெரிக்காவில் இரகசியமாக உருவாயிற்று. 1992-இல் அந்த இரகசியம் நீங்கியது. அதன் பிறகே வெப்பக் கருவி பொதுமக்கள் கைக்கு வரலாயிற்று. கோவையை அடுத்த மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாமல் காக்க 2024-இல் அமைக்கப்பட்ட கண்காணிப்பிலும் வெப்பக் காமிராக்கள் உள்ளன.

வெப்பக் கருவிக்கு நிலவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். புல்லுக்கிடையே நிற்கும் விலங்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஆனால், அது காட்டுவது சூட்டின் உருவத்தை மட்டுமே. முகத்தையோ, உடையின் நிறத்தையோ, பலகையில் உள்ள எழுத்தையோ அதில் காண்பது அரிது. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களை விடாது. எனவே சன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்க்கவும் முடியாது. இதன் லென்சையே ஜெர்மானியத்தால் செய்கிறார்கள்.

ஜான்சன் எண்ணிய கோடுகள்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆடா, நாயா, மனிதனா?

1958-இல் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். சிறிய மாதிரிப் பொருள்களை இரவுப் பார்வைக் குழாய் வழியே பலருக்குக் காட்டினார். பொருளின் குறுகிய பக்க அளவுக்குள் எத்தனை கறுப்பு வெள்ளைக் கோட்டு இணைகளைப் பிரித்துக் காண முடிந்தால், பார்ப்பவர் எதைச் சொல்ல முடிகிறது என்று கணக்கிட்டார். 'ஏதோ இருக்கிறது' என்று சொல்ல 1 இணை போதும். 'இன்ன வகை' என்று சொல்ல 4 இணைகள் வேண்டும். 'இன்னதுதான்' என்று சொல்ல ஆறுக்கு மேல், 6.4 இணைகள் வேண்டும். இவையும் பாதி வாய்ப்பில் சரியாகச் சொல்வதற்குரிய எண்களே!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மைக்ரான் புள்ளிகளும் 35 மில்லிமீட்டர் லென்சும் உள்ள வெப்பக் கருவியில், 100 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி 3.4 சென்டிமீட்டரைக் காட்டும். ஓர் இணைக்கு இரண்டு புள்ளிகள். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள பன்றி, 'ஏதோ ஒன்று' என்று சுமார் 1,090 மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆனால், 'பன்றிதான்' என்று அறிய அது சுமார் 170 மீட்டருக்குள் வர வேண்டும். கருவியின் பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் முதல் எண். துப்பாக்கி ஏந்தியவனுக்கு வேண்டியதோ இரண்டாவது எண். நடுவிலுள்ள 900 மீட்டரில் நிற்பது பக்கத்துத் தோட்டக்காரராகவும் இருக்கலாம் அல்லவா?

ஆகவே எதை வாங்குவது?

முதற்கருவி வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன், 'எனக்கு எது தெரிய வேண்டும்?' என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய வயலில் விலங்கு எங்கே என்று தேடுபவருக்கு வெப்பக் கருவி ஏற்றது. ஆனால், அது துப்பாக்கியிலிருந்து தனியாகக் கையில் பிடிப்பதாக இருப்பது நல்லது. துப்பாக்கிமேல் பொருத்திய கருவியால் தேடுபவர், இன்னதென்று தெரியாத ஒவ்வொன்றின் மீதும் துப்பாக்கியையும் நீட்டுகிறார். இரவு வேட்டைச் சட்டங்கள் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. அவற்றையும் முன்பே அறிய வேண்டும்.

புயல் இருட்டில் நடக்கவும், படி இறங்கவும், முகம் அறியவும் விரும்புபவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஒற்றைக்கண் நோக்கி உதவும். சாதாரண பாட்டரியில் நெடுநேரம் இயங்கும் வகையாக அதைத் தேர்ந்தெடுப்பது நலம். கொல்லைப்புறத்தைக் காண்பதே நோக்கம் என்றால், விளக்குடன் கூடிய எண்முறைக் கருவியே போதும். அதன் விளக்கைப் பிறரும் காணலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இவற்றோடு ஒரு நல்ல டார்ச் விளக்கும் இருக்கட்டும். ஹெர்ஷெலின் வெப்பமானியிலிருந்து இன்றுவரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருளில் ஏதோ அசைகிறது என்று கண்டுபிடிப்பதில் மனிதன் பெருவெற்றி பெற்றுவிட்டான். அது இன்னதென்று அறியும்வரை கையை அடக்கிக்கொள்வது மட்டும் இன்றும் கருவியின் வேலை அன்று, பார்ப்பவரின் வேலை.