பருப்பு வேகாத நீர்



என் பாட்டியார் பவானியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கு மருமகளாக வந்தவர். வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு கெட்ட பெயர் ஏற்பட்டுவிட்டது. அவர் அடுப்பில் ஏற்றிய துவரம்பருப்பு, எவ்வளவு விறகு எரித்தும் குழையவில்லை. ஆற்று நீரிலேயே சமைத்துப் பழகியவர், முற்றத்துக் கிணற்று நீரை வார்த்துவிட்டார். சமையலுக்கு நல்ல தண்ணீர் தொலைவிலிருந்து தனியே சுமந்து வரவேண்டும் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. "பருப்பு வேகவைக்கத் தெரியாத பெண்" என்று மாமியார் சொன்ன சொல்லைத் தம் எண்பதாவது வயதிலும் அவர் மறந்தாரில்லை.

குற்றம் கிணற்றினுடையது. கோவை மலைக்கு அருகிலிருந்தும் மழை குறைந்த ஊர். அதன் சுற்றுப்புற மண்ணில் சுக்கான்கல் கலந்திருக்கிறது. மதுக்கரைப் பக்கத்தில் சிமெண்டு ஆலை வைக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. இத்தகைய நிலத்தில் நெடுங்காலம் தங்கும் நீர், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொள்கிறது. பாடப்புத்தகம் இதனைக் கடின நீர் என்கிறது. கொங்குநாட்டார் உப்புத் தண்ணீர் என்றும் சப்பைத் தண்ணீர் என்றும் சொல்வர். பருப்பின் உயிரணுச் சுவர்களில் பெக்டின் என்னும் பசைப்பொருள் உண்டு. கால்சியம் அதனோடு சேர்ந்து இறுகிவிடுவதால் பருப்பு கரைய மறுக்கிறது.

இந்தக் கடினத்தை எவ்வாறு அளப்பது என்பதற்கு விடை தந்தது சவுக்காரம். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் கிளார்க். அளவறிந்த சவுக்காரக் கரைசலை நீரில் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, நிலைத்து நிற்கும் நுரை எப்போது எழுகிறது என்று பார்த்தார். எவ்வளவு சவுக்காரம் வீணாகிறதோ அவ்வளவு கடினம்! கடின நீரில் சுண்ணாம்பு நீரைக் கலந்தால், கரைந்திருந்த சுண்ணாம்பில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும் என்பதையும் அவரே நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1841-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே விரட்டும் இந்த உபாயத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள்.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புக் கனிமம் 1 கிராம், ஏறக்குறைய 6 கிராம் சவுக்காரத்தைப் பயனற்ற பிசுக்காக மாற்றிவிடுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினமுள்ள நீர் ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், எடுத்துக்கொண்டால் 36 கிராம் சவுக்காரம் நுரை எழும்புவதற்கு முன்பே அழிந்துபோகும். அழுக்கு இன்னும் துணியிலேயே இருக்கும். பிசுக்கு துணியில் ஏறி வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். இந்தச் செலவு நகராட்சியின் வரவு செலவில் ஏறுவதில்லை. அது அஞ்சறைப்பெட்டியில் முடிந்து வைத்த காசிலிருந்து போவது.

நம் முன்னோர் இதற்கு வழியறியாதவர்கள் அல்லர். கொங்குநாட்டுப் பெண்கள் தலைக்குத் தேய்த்த அரப்பும், மற்ற இடங்களில் வழங்கிய சீயக்காயும் சவுக்காரத்தைப்போல் கடின நீரில் திரிவதில்லை. சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் உள்ள சோடா உப்பு, நீரிலுள்ள சுண்ணாம்பைப் படியச் செய்துவிடும். கிளார்க்கின் பெயரைக் கேளாதவர்கள் செய்த வேலை இது. தேற்றாங்கொட்டையையும் இதற்கு மருந்தென்று சிலர் எண்ணுவதுண்டு. அது கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தைப் போக்காது.

கோவைக்கு மெல்லிய நீர் மேற்கு மலையிலிருந்து வந்தது. சிறுவாணியாற்று நீரை மலையைக் கடந்து ஊருக்குக் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக் கூறியவர், பத்திரிகையாசிரியரும் நூலாசிரியருமான எஸ். பி. நரசிம்மலு நாயுடு. அவர் 1922-இல் காலமானார். மலையைக் குடைந்து வந்த நீர் நகரக் குழாய்களில் பாய்ந்தது 1929-இல். மழையாய்ப் பெய்து, காட்டுப் பாறைகள்மேல் விரைந்தோடி வரும் நீராதலின், சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று எங்களூரார் பெருமை பேசுவார்கள். நாக்கால் அளந்து வரிசைப்படுத்தியவர் யார் என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். என் பாட்டியாருக்கு அந்த வரிசையெண் தேவைப்படவில்லை. தெருக்குழாய் நீரில் முதல்நாள் வைத்த பருப்பு வெந்ததும், அதை மாமியாருக்கு முதலில் பரிமாறியதாகச் சொல்வார்.

பின்னர் 1973-இல் கேரள அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, 1984-இல் சிறுவாணி அணை முடிந்தது. ஆயினும் ஊர் அதைவிட விரைவாக வளர்ந்தது. புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் தனிக் குழாயில் வரலாயிற்று. கிணற்றின் கடினம் இப்போது குழாய் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தது.

அதற்குள் இன்னொரு மாறுதலும் நிகழ்ந்துவிட்டது. 1959-இல் 'சர்ஃப்' போன்ற சலவைத் தூள்கள் இந்நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அவை கடின நீரிலும் நுரைக்கும். நுரை வந்துவிட்டதால், நீர் எப்படிப்பட்டது என்று கேட்கும் வழக்கமும் நின்றுபோயிற்று. வெந்நீர்க் கொதிகலனின் கம்பிச்சுருளில் வெள்ளைப் பாறை படிந்து, அது பழுதாகும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது. குடிநீரில் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தரநிலை வகுத்திருக்கிறது. பொறுப்பவர் யார் என்பதைத் தரநிலை சொல்வதில்லை.

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய கடைசிப் பள்ளி நகரின் எல்லையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அவரவர் வீட்டு நீரைப் புட்டியில் கொண்டுவரச் சொல்லி, கிளார்க்கின் சோதனையைச் செய்வித்தேன். சிறுவாணி நீர் பத்துச் சொட்டுக்குள் நுரைத்தது. ஒரு மாணவி கொண்டுவந்த நீர் அறுபது சொட்டு விட்டும் நுரைக்காமல், திரிந்த பாலைப்போல் ஆயிற்று. இந்த நீரில் பருப்பும் வேகாது என்று விளக்கினேன்.

அந்தப் பெண் சிறிது நேரம் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், எங்க அப்பத்தாகிட்டயும் இதைச் சொல்றீங்களா? எங்கம்மாவை அவங்க தினமும் ஏசுறாங்க" என்றாள்.

நான் பதில் சொல்லுமுன், அந்தப் புட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டாள். சவுக்காரக் கரைசலில் பாதியையும் ஒரு சிறு குப்பியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.