வள்ளல் அழகப்பர்: நம் சீமையின் கொடைச் செல்வர்

கும்பாபிஷேக மலரில் திருப்பணிக்குப் பொருள் வழங்கிய பெருமக்களைப் போற்றுதல் தொன்றுதொட்டு வரும் மரபு. காரங்காட்டுக் கடலோரத்தில் நடைபெறும் இத்திருக்குட நன்னீராட்டு விழாவை முன்னிட்டு வெளிவரும் இம்மலரிலும் அப்பெயர்கள் இடம்பெறும். அவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு கொடையாளரை இக்கட்டுரை நினைவு கூர விழைகின்றது. இவ்வூர்த் திருப்பணிக் கணக்கில் அவர் பெயர் இராது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. எனினும் அவர் பிறந்ததும் கொடை புரிந்ததும் நம் பழைய இராமநாதபுர மாவட்டத்திலேயேயாம். அவரே கோட்டையூர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

1910இல் அமைந்த இராமநாதபுர மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை காரைக்குடியும் கோட்டையூரும் நம்மோடு ஒரே மாவட்டத்தில் இருந்தன. உப்பூர் விநாயகரை வணங்கித் திருவாடானை, தேவகோட்டை வழியே மேற்கு நோக்கிச் செல்லும் அன்பர்கள் அந்நகரங்களை நன்கு அறிவர். அந்நாட்டு நகரத்தார் நம் கடற்கரைக்கும் புதியவர் அல்லர். கடல் கடந்து வாணிகம் செய்தற்கும், இராமேசுவரத்தில் இறைவனை வழிபடுதற்கும் அவர்கள் இப்பக்கம் வந்தவண்ணம் இருந்தனர். இராமேசுவரத் திருக்கோயிலின் கீழை இராசகோபுரம் தேவகோட்டை ஜமீன்தார் குடும்பத்தாரின் திருப்பணியாகும். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை மகமையென ஒதுக்கி, அதனை இறைவன் பணிக்கே ஆக்குதல் அக்குடியினர் வழக்கம். இளையாத்தங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களும், பாடல் பெற்ற தலங்களிற் பலவும் அவ்வழக்கத்தினால் பொலிவு பெற்றன.

அத்தகைய குடியில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சியாருக்கும் அழகப்பர் மகனாகத் தோன்றினார். காரைக்குடியில் பள்ளிக் கல்வி பெற்றபின் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். கணக்கும் வட்டியும் கற்றாற் போதும் என்றிருந்த காலத்தில் நகரத்தார் இளைஞர் ஒருவர் இலக்கியம் பயின்றது வியப்பாகவே இருந்திருக்கும். பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் வங்கித் தொழிலும் பயின்றார். அங்கேயே வானூர்தி ஓட்டவும் கற்று உரிமம் பெற்றார் என்பது அவருடைய உள்ளத் துணிவுக்குச் சான்று. ஆனால் இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்குத் திட்டமான மருந்து கிடையாது. உலகத்தார் அதற்கு அஞ்சி ஒதுங்குவர். அந்நோயின் துன்பத்தை உடலில் தாங்கியவண்ணமே அவர் தொழிலும் அறமும் இயற்றினார். பின்வரும் செய்திகளைப் படிக்கும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தொழில்துறையில் அவர் தொடாத பகுதி குறைவு. நூல் ஆலை, மலேயாவில் இரப்பர்த் தோட்டம், காப்பீடு, பங்கு வாணிகம் என அவை விரிந்தன. கொச்சி நாட்டில் அவர் அமைத்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. போர் முடிந்ததும் டக்கோட்டா வானூர்திகளை வாங்கி 'ஜுபிடர் ஏர்வேஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பெருநட்டமே மிஞ்சியது. இலாபம் வந்தபொழுது கொடுத்தல் பலருக்கும் இயலும். இவரோ நட்டத்திற்குப் பின்னும் கையை மடக்கவில்லை. அவருடைய கல்விக் கொடைகளுட் பல 1950க்குப் பின்னர் எழுந்தவை.

1944இல் சென்னைக் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி அமைவதற்கு அவர் ஐந்து இலட்ச ரூபாய் வழங்கினார். அக்கல்லூரி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. எனினும் அவருடைய பெரும்பணி சொந்தச் சீமையிலேயே நிகழவேண்டியிருந்தது. 1947இல் அன்னி பெசண்டு அம்மையாரின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் கூடிய கூட்டத்தில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், நாட்டில் கல்லூரிகள் பெருகச் செல்வர்கள் முன்வருதல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவையிலிருந்த அழகப்பர் அப்பொழுதே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி காண்பதாக அறிவித்தார். கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, காரைக்குடிக் காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. கல்லில் திருப்பணி செய்பவர் பாலாலயம் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதுண்டு. இவரோ வாக்களித்த சூட்டோடு வாயிலையே திறந்துவிட்டார். அதற்கு முன்னர்த் திருவாடானை, தொண்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன் பட்டம் பெற விரும்பினால் மதுரைக்கோ, திருச்சிக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. அச்செலவைத் தாங்கிய குடும்பங்கள் இக்கரையில் எத்தனை இருந்திருக்கும்?

இனி, கற்றோரும் வியந்த கொடை ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற பாரதம் அறிவியல் ஆய்வகங்களைப் பல நகரங்களில் நிறுவ முனைந்தது. அவை பூனா, தில்லி போன்ற பெருநகரங்களுக்கே செல்லும் என்று எவரும் எண்ணுவர். அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்ச ரூபாயும் தருவதாக முன்வந்து, மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வேண்டிப் பெற்றார். 1948 சூலை 25ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளன்று, அந்நாளைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். செம்மண் பொட்டலில் ஒரு தேசிய ஆய்வகம் எழுந்தது.

அதனைத் தொடர்ந்தும் உடனிகழ்வாகவும் ஆசிரியப் பயிற்சி, பொறியியல், மகளிர் கல்வி எனக் கல்லூரிகள் எழுந்தன. பொறியியற் கல்லூரி 1952இல் வந்தது. தாம் வாழ்ந்த இல்லத்தையே பெண்கள் கல்விக்கு விட்டுக்கொடுத்தமை யாவரும் அறிந்த செய்தி. ஆங்கில அரசு அளித்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பின் அவர் துறந்தார். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

கோயில் கட்டும் குடியிற் பிறந்தவர் கல்லூரிக்குப் பொருளைச் செலவிட்டது இறைவன் பணியைக் குறைத்ததாகாதா என வினவுவார் உண்டு. திருப்பணிக்கு நன்கொடை எழுதும் அன்பர் சிலர் என்னிடமே இதனைக் கேட்டிருக்கின்றனர். எளியேன் கருத்து வேறு. அவர் மகமை மரபை விட்டு விலகியவர் அல்லர். முன்னோர் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தது போலவே இவர் ஆய்வகத்திற்கு நிலம் எழுதி வைத்தார். தாம் கொடுத்தது தம் கைக்குத் திரும்ப வாராது என்பதறிந்தே இருவரும் கொடுத்தனர். கீழக்கரைச் சீதக்காதி வள்ளலைச் சமயம் கடந்து போற்றும் நம் கடற்கரையினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அழகப்பர் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் வந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். ஒரு கல்லூரி தொடங்கிய நாள்தொட்டு அவர் இருந்தது பத்தாண்டுகூட இல்லை. 1985இல் அவர் பெயரால் காரைக்குடியில் பல்கலைக்கழகம் அமைந்தது. 2007இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது.

நம் கரையோடு அவர் கொடைக்கு உள்ள நேர்முகத் தொடர்பு ஒன்று பலருக்குத் தெரியாது. உப்புக் காற்றினால் இரும்பு எத்துணை விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதைப் படகின் ஆணியிலும், வீட்டுச் சன்னலிலும், ஏன், கோயிற் கதவின் தாழ்ப்பாளிலும் நாம் அன்றாடம் காண்கின்றோம். பாம்பன் பாலத்தைப் பேணுவோருக்கு இதுவே தீராத கவலை. காரைக்குடி ஆய்வகம் இத்துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு கிளையை அமைத்தது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வெளியிட்டு வைத்து, எந்தக் கலவை, எந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்குகிறது என்று அளந்து குறித்தனர். கோட்டையூர்ச் செல்வர் கொடுத்த முந்நூறு ஏக்கரின் பயன் இவ்வாறு நம் கடலோரம்வரை வந்து சேர்ந்தது.