பொருநைக் கரையில் பக்கம் கலைந்ததும் சீரானதும்: ஏட்டுச்சுவடி முதல் விக்கி வரை

நூலின் சொற்கள் மாறாமல் நிற்க, அவற்றைத் தாங்கும் பொருள் மட்டும் மாறும்போது பக்கத்தின் அமைப்பு கலைந்துபோவது தமிழ் எழுத்துலகில் பலமுறை நேர்ந்துள்ளது. ஓலையிலிருந்து காகிதத்துக்கும், அச்சிலிருந்து கணினித் திரைக்கும் நூல்கள் பெயர்ந்தபோது எழுந்த அதே சிக்கல், இன்று விக்கி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தும்போதும் தலைகாட்டுகிறது: கட்டுரையில் ஓர் எழுத்துகூடக் குறைந்திராது, ஆனால் அட்டவணைகள் சிதறி, பக்கப்பட்டை கீழே இறங்கி, தலைப்பும் பத்தியும் வேறுபாடின்றி நிற்கும். இப்பழுதைச் சீர்செய்யும் வேலைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு; அதில் திருநெல்வேலிச் சீமைக்கும் பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைக்கும் குறிப்பிடத்தக்க இடம் உண்டு.

ஏட்டுச்சுவடியில் இன்றைய பொருளில் பக்க அமைப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஓலையின் அகலம் சில விரற்கடைகளே என்பதால், இடத்தை மிச்சப்படுத்த விரும்பிய எழுத்தர்கள் செய்யுளை அடி பிரிக்காமல் உரைநடைபோல் தொடர்ந்து எழுதிச் சென்றனர். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடவில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்தவில்லை. யாப்பும் இலக்கணமும் கற்றவர் இவற்றையெல்லாம் வாசிக்கும்போதே தம் மனத்தில் நிரப்பிக்கொண்டார். ஓலை பழுதுபட்டதும் புதிய ஓலையில் படியெடுப்பது வழக்கம். பழையதை ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. ஒருமுறை படியெடுத்தபின் மூலப்படி கைவிடப்பட்டதால், படியெடுத்தவர் எங்கே தவறினார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் வழியும் அதனோடு மறைந்தது.

இக்குறையை நேரில் எதிர்கொண்டவர் உ. வே. சாமிநாதையர். 1889ஆம் ஆண்டில் வெளியான பத்துப்பாட்டுப் பதிப்புக்காக அவர் திருநெல்வேலியிலும், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்களின் வீடுகளில் இருந்த சுவடிகளைத் தேடினார். சுவடிகளில் பாட்டின் மூலமும் நச்சினார்க்கினியரின் உரையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தமையால், எது மூலம், எது உரை, எது உரைகாரர் காட்டிய மேற்கோள் எனப் பிரித்தெடுப்பதே பதிப்பாசிரியரின் முதல் வேலையாயிற்று. அடி பிரித்து, மூலத்தைத் தனியே நிறுத்தி, உரையை வேறு இடத்தில் அமைத்து, அகராதிகளும் குறிப்புகளும் சேர்த்து அவர் அச்சிட்டபோது, ஓலையில் இல்லாத ஒரு பக்கமே புதிதாக உருவாயிற்று. சொல்லை மீட்பதும் பக்கத்தை அமைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும், பின்னது பிழைத்தால் முன்னதும் விளங்காமல் போகும் என்பதையும் அப்பதிப்புப் பணி தெளிவாகக் காட்டுகிறது.

அச்சுக்கலை இப்பகுதிக்கு அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே வந்துவிட்டது. போர்த்துக்கீசிய ஏசு சபைத் துறவியான என்றீக்கே என்றீக்கசு, முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே வாழ்ந்து தமிழ் கற்றவர்; அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சாயிற்று. புனிதர் வரலாறுகளைக் கூறும் அவருடைய பெருநூல் 1586ஆம் ஆண்டில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள புன்னைக்காயலில் அச்சானதாக அறிஞர் கருதுவர். ஓலைக்குரிய கட்டாயங்கள் காகிதத்துக்கு இல்லையாயினும், தொடக்ககால அச்சு ஓலையின் எழுத்து வழக்கையே பெரிதும் பின்பற்றியது. எகர ஒகரங்களின் நெடில் குறில் வேறுபாட்டைக் காட்டும் வரிவடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்குப் பின்னரே நிலைபெற்றன. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, னை, றா முதலிய எழுத்துகள் வடிவம் மாறியபோது அச்சகங்கள் மறுபடியும் தம் எழுத்துப் பெட்டிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய தாங்கு பொருள் பழைய பழக்கங்களைச் சுமந்தே வரும் என்பதும், அவை களையப்படத் தலைமுறைகள் ஆகும் என்பதும் இவ்வரலாற்றின் பாடம்.

விக்கியின் வரலாறு இதனினும் மிகக் குறுகியது. எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கம் என்னும் கருத்தை அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2001ஆம் ஆண்டு சனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, முதலில் யூஸ்மாட் விக்கி என்னும் எளிய மென்பொருளில் இயங்கியது. 2002ஆம் ஆண்டில் மேக்னஸ் மான்ஸ்கே எழுதிய மென்பொருளுக்கும், அதே ஆண்டு சூலையில் லீ டேனியல் குரோக்கர் திருத்தி எழுதிய வடிவத்துக்கும் மாறியது. அதுவே 2003ஆம் ஆண்டில் மீடியாவிக்கி என்னும் பெயர் பெற்றது. முதல் மாற்றத்தின்போதே பழைய பக்கங்களின் இணைப்புக் குறிகளைப் புதிய முறைக்கு மாற்றுவதற்கென்று தனி நிரல் ஒன்று ஓட்டப்பட்டது; மேம்படுத்தலும் அதன்பின் செப்பனிடுதலும் பிரியாத இணை என்பது விக்கியின் பிள்ளைப்பருவத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, தொடக்க ஆண்டுகளில் அதனை வளர்த்தெடுத்தார்.

மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தின் தோற்றம் நான்கு அடுக்குகளால் ஆவது. முதலாவது, கட்டுரையாளர் எழுதும் விக்கிக் குறிமொழி. இரண்டாவது, பல கட்டுரைகளுக்குப் பொதுவாக ஒருமுறை எழுதிவைக்கும் வார்ப்புரு. திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி போன்ற ஊர்களைப் பற்றிய கட்டுரைகளின் ஓரத்தில் மாவட்டம், மக்கள்தொகை, உயரம் முதலியவற்றைக் காட்டும் தகவற்சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, தளம் முழுவதற்கும் நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை விதிக்கும் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள். நான்காவது, பக்கப்பட்டையும் தேடுபெட்டியும் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்கின் என்னும் முகத்தோற்றம். மென்பொருளைப் புதுப்பிப்பவர் நான்காம் அடுக்கை மாற்றுகிறார். மூன்றாவதில் உள்ளூர்ப் பயனர்கள் எழுதிய விதிகளோ பழைய முகத்தோற்றத்தை நம்பி எழுதப்பட்டவை. இவ்விரண்டும் முரண்படும் இடத்தில்தான் பக்கம் கலைகிறது.

அத்தகைய முரண்கள் ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலிலும் எழுந்தன. 2004ஆம் ஆண்டில் வந்த மோனோபுக் என்னும் முகத்தோற்றத்துக்கு ஏற்ப எழுதிய விதிகள், 2010ஆம் ஆண்டில் வெக்டர் அதன் இடத்தைப் பிடித்தபோது பொருந்தவில்லை. 2011ஆம் ஆண்டில் நடைத்தாள்களையும் நிரல்களையும் ஒன்றுதிரட்டி அனுப்பும் ரிசோர்ஸ்லோடர் என்னும் புதிய ஏற்பாடு வந்தபோது, பழைய முறையில் எழுதிய பயனர் நிரல்கள் பல திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தது. வெக்டர் 2022 என்னும் தோற்றம் வாசிக்கும் பத்தியின் அகலத்தைக் குறுக்கியபோது, அகன்ற திரையை எண்ணி அமைத்த அட்டவணைகள் நெருக்குண்டன. தமிழுக்கு இவற்றோடு இன்னொரு சிக்கலும் உண்டு: இகர ஈகார மேல்விலங்குகள் மேலேயும் உகர ஊகாரச் சுழிகள் கீழேயும் நீள்வதால், இலத்தீன் எழுத்தை மட்டும் கருதி வரியிடைவெளியைக் குறைத்தால் ஒரு வரியின் சுழி அடுத்த வரியின் மேல்விலங்கோடு முட்டும்.

தனியார் நிறுவனங்களும் கல்லூரிகளும் சொந்தமாக நடத்தும் சிறு விக்கிகளில் பழுது வேறு வகையில் வருகிறது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான மீடியாவிக்கி 1.24 முதல் முகத்தோற்றங்கள் மைய மென்பொருளிலிருந்து தனியே பிரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் வந்த 1.25 பதிப்பில் அவற்றை அமைவுக் கோப்பில் ஏற்றும் முறையும் புதிதாயிற்று. பழைய அமைவுக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு மேம்படுத்தியவர்களின் தளங்களில் எந்த முகத்தோற்றமும் ஏறாமல், வெறும் எழுத்தும் நீல இணைப்புகளுமே நின்றன. இதற்குரிய தீர்வு, முகத்தோற்றத்தின் கோப்புறையை உரிய இடத்தில் வைத்து, அமைவுக் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்து, கோப்புகளைப் படிக்கும் உரிமை வழங்கிக்கு இருக்கிறதா என்று பார்த்து, தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் நிரலை ஓட்டி, கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பை அழிப்பதே. பலர் இவற்றை விடுத்துப் பக்கம் பக்கமாக நிறங்களையும் அகலங்களையும் கையால் எழுதிச் சேர்த்ததுண்டு. அவ்வொட்டுகளே அடுத்த மேம்படுத்தலில் புதிய பழுதுகளாயின.

இவற்றுள் மிகவும் கற்பிப்பது 2018ஆம் ஆண்டு சூலையில் விக்கிமீடியா தளங்கள் அனைத்திலும் நடந்து முடிந்த மாற்றம். எச்.டி.எம்.எல். என்பது இணைய உலாவிக்குப் பக்க அமைப்பைச் சொல்லும் குறிமொழி. அதில் திறந்த குறியை மூடவும் வேண்டும். கட்டுரையாளர் மூட மறந்தால், டைடி என்னும் பழைய துணைநிரல் அதனைத் தானே ஊகித்துப் பத்தியின் முடிவில் மூடிவிடும். அந்நிரலை நீக்கி, எச்.டி.எம்.எல். 5 விதிகளைப் பின்பற்றும் ரெமெக்ஸ் என்னும் நிரலை வைத்தபோது அந்த ஊகம் நின்றுபோயிற்று. எழுத்தைச் சிறிதாக்கும் குறி ஒன்றை ஓர் அடிக்குறிப்பில் மூடாமல் விட்டிருந்தால், அதற்குக் கீழே உள்ள பத்திகளும் சிறிய எழுத்திலேயே தோன்றின. அட்டவணையின் கட்டங்களுக்கு வெளியே தவறுதலாக எழுதப்பட்ட சொற்கள் அட்டவணைக்கு மேலே போய் நின்றன. பல்லாண்டுகளாக மறைந்திருந்த கட்டுரையாளரின் பிழைகளே இவ்வாறு வெளிப்பட்டன. புதிய நிரல் எதனையும் கெடுக்கவில்லை. லின்டர் என்னும் கருவி பிழையுள்ள பக்கங்களை முன்கூட்டியே பட்டியலிட்டுத் தந்தமையால், தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த முடிந்தது. பிழை ஒரு வார்ப்புருவில் இருந்த இடங்களில், அதை மட்டும் திருத்தியதும் அதனைப் பயன்படுத்திய பக்கங்கள் எல்லாம் ஒருசேர நேராயின. அதே ஆண்டு ஆகத்து முதல் தளம் முழுவதற்குமான நடைத்தாளை மாற்றும் உரிமை இடைமுக நிருவாகிகள் என்னும் சிறு குழுவுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. பொதுக் கோப்பில் ஒரு வரி பிழைத்தால் எல்லாப் பக்கங்களும் பாதிக்கப்படும் என்பதால் இக்கட்டுப்பாடு இன்றியமையாததாயிற்று.

அச்சு நூலின் பக்கத்தையே திரையில் மீட்க முயலும் விக்கிமூலத்தில் இப்பணி இன்னும் நுட்பமானது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2015–16ஆம் ஆண்டுகளில் வழங்கியதால், 2,000க்கும் மேற்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. அவ்வாறு நாட்டுடைமையான எழுத்தாளர்களுள், தாமிரபரணிக் கரையில் உள்ள இராசவல்லிபுரத்தில் 1896ஆம் ஆண்டில் பிறந்து, ‘தமிழின்பம்’ நூலுக்காகத் தமிழின் முதல் சாகித்திய அகாதெமி விருதை 1955ஆம் ஆண்டில் பெற்ற ரா. பி. சேதுப்பிள்ளையும் ஒருவர். இத்தகைய நூல்களில் பக்கப்படத்தை ஒருபுறமும் எழுத்துணரியால் பெற்ற உரையை மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்ப்பவர், மேற்கோள் செய்யுளை அடி பிரித்து, அடிக்குறிப்பை உரியவிடத்தில் நிறுத்தி, தலைப்பை நடுவில் வைக்க வேண்டியிருக்கிறது. கவிராயர் வீட்டுச் சுவடியிலிருந்து மூலத்தையும் உரையையும் பிரித்த பதிப்பாசிரியரின் வேலையே இங்கே குறிமொழியில் தொடர்கிறது. தலைப்பை நடுவில் நிறுத்த வழக்கொழிந்த குறியைப் பயன்படுத்துபவரின் பக்கம் வருங்கால உலாவியில் கலையக்கூடும்; அதற்கென உள்ள வார்ப்புருவைப் பயன்படுத்துபவரின் பக்கத்தை, வார்ப்புருவை மட்டும் திருத்தி எளிதில் காப்பாற்றிவிடலாம்.

இந்நெடிய வரலாற்றிலிருந்து ஒரு முடிவு உறுதியாகப் பெறப்படுகிறது. சொல்லையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே வைத்து, தோற்றத்தைப் பொதுவான ஓரிடத்தில் திருத்திய சீரமைப்புகள் நிலைத்தன. பழுது கண்ட பக்கத்தில் மட்டும் ஒட்டுப்போட்டவை அடுத்த மாற்றத்தைத் தாங்கவில்லை. ஓலையைப் படியெடுத்தவருக்குக் கிட்டாத ஒரு வசதி விக்கியில் திருத்துபவருக்கு உண்டு: பழைய வடிவம் ஒவ்வொன்றும் வரலாற்றுப் பக்கத்தில் அழியாமல் இருக்கிறது. ஆகவே மேம்படுத்துவதற்கு முன் தளத்தின் படியொன்றில் சோதித்துப் பார்ப்பதும், பழுதின் காரணம் எந்த அடுக்கில் உள்ளது என்று கண்டபின்னரே கைவைப்பதும், செய்த திருத்தத்தின் காரணத்தைச் சுருக்கக் குறிப்பில் தமிழிலேயே எழுதிவைப்பதும் தமிழ்த் தளங்களைப் பேணுவோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.