நெல் சாமி, வியாபாரச் சாமி

கியோத்தோவின் தெற்கே உள்ள ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு இன்று பலரும் படம் எடுக்கத்தான் போகிறார்கள். மலையெங்கும் நெருக்கமாக நிற்கும் ‘தோரீ’ எனும் செந்நிற மர வாசல்கள் ஏறக்குறைய 10,000. வழிநெடுக நரிச் சிலைகள். உடன் வந்த நண்பர், “இவங்க நரியையா கும்பிடுறாங்க?” என்றார். நரி வெறும் தூதுதான். சாமி இனாரி, நெல் விளைச்சலின் தெய்வம். ஒரு நரி கதிரைக் கவ்வியிருக்கும், இன்னொன்று களஞ்சியச் சாவியை.

711இல் இக்கோயிலைத் தொடங்கியவர்கள் ஹாதா குலத்தார் என்பது மரபு. கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். வந்தேறிகள் வைத்த சாமிக்கு இன்று ஜப்பான் முழுக்கச் சுமார் 30,000 கோயில்கள்!

யமாஷிரோ வட்டாரத்தின் பழைய ஊர்க்குறிப்பில் ஒரு கதை உண்டு. ஹாதா நோ இரோகு நெல் குவித்த பணக்காரன். அந்தத் திமிரில் ‘மோச்சி’ எனும் அரிசி உருண்டையைக் குறியாக வைத்து அம்பு விட்டான். அது வெள்ளைப் பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது. இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. ‘இனே’ என்றால் நெல். இனாரி என்ற பெயர் அதிலிருந்து வந்ததாம். பின்னால் அவன் சந்ததியார் தவறை உணர்ந்து, கோயில் மரத்தைப் பிடுங்கிப்போய் வீட்டில் நட்டு வணங்கினார்கள்.

ஆக, இது சோற்றை அவமதித்த பணக்காரனின் கதை. ஆனால் கீழிறங்கும்போது தோரீகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். காணிக்கை கொடுத்த நிறுவனங்கள், வியாபாரிகளின் பெயர்கள் கறுப்பு எழுத்தில் இருக்கும். முரண்தான், ஆனால் காரணம் இருக்கிறது. எதோ காலத்தில் (1603–1868) வரி நெல்லாக வசூலானது. சாமுராய்க்குச் சம்பளமும் அரிசிதான். பிரபுவின் செல்வத்தை ‘கோக்கு’ என்ற அரிசி அளவால் கணக்கிட்டார்கள். ஒரு கோக்கு ஏறக்குறைய ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி. அரிசியே பணமான நாட்டில் நெல் சாமி வியாபாரச் சாமியானதில் வியப்பென்ன? கதையிலிருந்த எச்சரிக்கைதான் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

முழுக்க உதிரவில்லை என்றும் தோன்றுகிறது. கோயிலுக்குச் சொந்தமாக ஒரு சிறு வயல் இருக்கிறது. ஜூன் 10இல் நாற்று நடுகிறார்கள், அக்டோபரில் அறுக்கிறார்கள், நவம்பரில் புதிய அரிசியைச் சாமிக்குப் படைக்கிறார்கள். அந்த வயலில் யார் பெயரும் எழுதப்படுவதில்லை.