கொரிந்து: இரு கடல்களுக்கு நடுவே ஒரு பழந்துறை

கிரேக்கத் தலைநகர் ஏதென்சிலிருந்து மேற்கே சுமார் 80 கி.மீ. சென்றால், பெலொப்பொனேசு தீபகற்பத்தை மற்ற நிலப்பகுதியோடு இணைக்கும் குறுகிய பூசந்தி வருகிறது. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 6 கி.மீ. மட்டுமே. மேற்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா. பண்டைய கொரிந்து நகரத்தின் செல்வம், போர்கள், அழிவு, மறுபிறப்பு அனைத்தையும் இந்த ஆறு கிலோமீட்டரைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இத்தாலியிலிருந்து ஆசியா மைனருக்குச் செல்லும் கப்பல்கள் தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அங்குள்ள மலேயா முனையின் காற்றுக்கும் அலைக்கும் மாலுமிகள் அஞ்சினர். பூசந்தியின் இருபுறமும் துறைமுகம் வைத்திருந்த கொரிந்துக்கு அந்த அச்சமே வருமானமானது. மேற்கே இலேக்கையோன், கிழக்கே கெங்கிரேயா. ஒரு துறையில் இறக்கிய சரக்கு தரைவழியே மறுகடலுக்குச் சென்றது. நகரம் சுங்கம் வாங்கியது.

கி.மு. 600 வாக்கில் பெரியாண்டர் ஆட்சியில் பூசந்தியின் குறுக்கே கல் பாவிய பாதை ஒன்று அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் பெயர் டியோல்கோஸ்; 'குறுக்கே இழுத்தல்' என்ற பொருளில் வந்தது. சக்கரங்கள் ஓடிய பள்ளங்கள் இன்றும் கற்களில் தெரிகின்றன. கப்பல்கள் நாள்தோறும் இதன்மேல் இழுத்துச் செல்லப்பட்டன என்று சிலர் எழுதுவது மிகை. போர்க்காலங்களில் கப்பல்கள் இழுக்கப்பட்டதற்குச் சான்று உண்டு, கி.மு. 412-இல் நடந்த ஒரு நிகழ்வைத் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். மற்ற நாட்களில் மரம், பளிங்கு போன்ற கனமான சரக்குகளே இவ்வழியில் சென்றிருக்க வேண்டும்.

கி.மு. 146-இல் உரோமைத் தளபதி முமியுஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது பாழாகவே கிடந்தது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அங்கே உரோமைக் குடியேற்றம் ஒன்றை நிறுவ ஏற்பாடு செய்தார். நகரை வெறுத்தாலும் அந்த இடத்தை எவராலும் விட்டுவிட முடியவில்லை. அகாயா மாகாணத்தின் தலைநகராக அது மீண்டும் வளர்ந்தது. விவிலியத்தில் நாம் படிக்கும் கொரிந்து இந்த உரோமை நகரமே. பவுல் இங்கு ஒன்றரை ஆண்டு தங்கியதாகவும் கெங்கிரேயாவில் கப்பலேறியதாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது.

இன்று செல்பவர் முதலில் காண்பது அப்பல்லோ கோயிலின் ஏழு தூண்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. பின்னால் சுமார் 575 மீட்டர் உயரத்தில் அக்ரோகொரிந்து மலைக்கோட்டை நிற்கிறது. வெயிலைப் பொருட்படுத்தாமல் ஏறிவிட வேண்டும். பூசந்தியின் அமைப்பு அங்கிருந்துதான் புரியும். 1858 நிலநடுக்கத்திற்குப் பிறகு நகரம் கடற்கரைக்கு இடம்பெயர்ந்ததால், இடிபாடுகளைச் சுற்றி இப்போது இருப்பது ஒரு சிற்றூர்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் 1896 முதல் இங்கு அகழாய்வு செய்து வருகின்றனர்.

கெங்கிரேயாவில் பழைய துறையின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கியுள்ளது. 1960-களில் அங்கே வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. வந்திறங்கிய மரப்பெட்டிகளுக்குள்ளேயே அவை அடுக்கியபடி இருந்தன. சுவரில் பதிக்கப்படும் முன்பே கட்டடம் கடலுக்குள் போய்விட்டது. இஸ்த்மியா அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். அவசரத்தில் பலர் தவறவிடும் இடம் இது.

பூசந்தியை வெட்டும் ஆசையும் பழையது. கி.பி. 67-இல் நீரோ மன்னன் தானே முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கினான். யூதப் போர்க் கைதிகள் ஆறாயிரம் பேர் இதற்கு அனுப்பப்பட்டதாக யோசேப்பஸ் எழுதுகிறார். மறு ஆண்டு நீரோ இறந்தான், பணியும் நின்றது. 1882-இல் தொடங்கிய இக்காலக் கால்வாய், எடுத்து நடத்திய முதல் நிறுவனம் நொடித்துப்போன பின், 1893-இல்தான் திறக்கப்பட்டது. பெரும்பாலும் நீரோ குறித்த தடத்திலேயே அது செல்கிறது. நீர்மட்டத்தில் அகலம் சுமார் 25 மீட்டர் என்பதால் இன்றைய பெரிய சரக்குக் கப்பல்கள் இதில் நுழைய முடியாது. செங்குத்துச் சுவர்கள் அடிக்கடி சரிகின்றன. 2021 சரிவுக்குப் பின் நீண்டகாலம் மூடிக்கிடந்தது.

இக்கால்வாய் பழைய பாதைக்கும் கேடு செய்தது. டியோல்கோசின் மேற்கு முனை கால்வாய்க் கரையை ஒட்டியே உள்ளது. கடந்து செல்லும் படகுகள் எழுப்பிய அலைகள் பல பத்தாண்டுகளாக அடிமண்ணை அரித்ததில் கற்கள் பல நீரில் விழுந்தன. 1950-களில் அகழ்ந்தெடுத்தபோது ஒழுங்காக இருந்த பகுதிகள் கண்ணெதிரே சிதைந்தன. பாதுகாப்புக் கோரிக்கைகள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த பிறகே, அண்மை ஆண்டுகளில் சீரமைப்புப் பணிகள் நடந்தன. பொசிடோனியாவில், படகு வரும்போது நீருக்குள் அமிழும் பாலத்தின் அருகே நின்றால், எஞ்சியிருக்கும் அந்தக் கற்களைப் பார்க்கலாம்.