குரல் நீங்கிய பாட்டு

பிறர் பாடிப் பதிவான பாட்டொன்றிலிருந்து பாடியவர் குரலை மட்டும் அகற்றி, எஞ்சிய இசையோடு தாமே பாடி மகிழும் வழக்கம் இன்று தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவியிருக்கிறது. ‘கரோக்கி’ என்னும் சப்பானியச் சொல்லால் அதனைக் குறிக்கிறோம். வெறுமை என்னும் பொருளுடைய ‘கரா’வும் ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் குறுக்கமும் சேர்ந்தமைந்தது அச்சொல். இது முற்றிலும் புறத்தேயிருந்து வந்த பழக்கம் எனக் கருதுவோர் உளர். கருவி வெளியிலிருந்து வந்தது என்பது உண்மையே. ஆனால் பாட்டிலிருந்து சொல்லைப் பிரித்து, இசைநடையைத் தனியே வைத்துக்கொள்ளும் எண்ணம் தமிழுக்குப் பழையது.

பழனி மலைத்தொடரில் வாழ்வோர் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான் என்று தாண்டிக்குடியின் பெயருக்குக் காரணம் கூறுவர். அந்தப் பழனியைப் பலவாறு பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புகளில், பாட்டின் தலைப்பில் ‘தான’, ‘தன’, ‘தத்த’ முதலிய அசைகளாலான சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். சொல் முழுதும் நீங்கி நடை மட்டும் நிற்கும் வடிவம் அது. அந்நெறியில் பின்வந்தோரும் பாடினர்; 19ஆம் நூற்றாண்டின் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் ‘வண்ணத்தியல்பு’ என இலக்கணமே செய்தார்.

இதன் எளிய வடிவம் ‘வர்ணமெட்டு’. பழைய நாடகப் பாட்டு நூல்களும் சிறு வெளியீடுகளும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று மேலே குறித்துவிட்டுப் புதிய சொற்களைக் கீழே தந்தன. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் சுப்பிரமணிய பாரதி நாட்டுப் பாட்டுகள் சில எழுதியது இவ்வழியிலேதான். பழைய சொல்லை மனத்துள் அழித்துவிட்டு அதே மெட்டில் புதியதைப் பாடினார்கள் மக்கள். குரல் நீக்கும் பொறி அவரவர் நினைவாகவே இருந்தது.

இனி, உண்மையான பொறியைக் காண்போம். 1971இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் தாய்சுகே இனோவே கரோக்கிக் கருவியை அமைத்தார். அவர் யாருடைய குரலையும் நீக்கவில்லை. பாடுவோர் இன்றியே பக்க இசையை வாசித்துப் பதிவு செய்தார். காப்புரிமையும் பெறவில்லை. அவ்வாறு வாசிக்க இசைக்குழு வேண்டும். அது வாய்க்காத வீட்டு ஆர்வலர்களே நீக்கும் வழியைத் தேடினர்.

அவர்கள் கண்ட வழி வெறும் கழித்தல் கணக்குத்தான். ஸ்டீரியோப் பதிவில் ஒலி இடம், வலம் என இரு தடங்களில் ஓடும். பாடகர் குரல் பெரும்பாலும் நடுவில் வைக்கப்படுவதால் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால், பொதுவானது அழிந்து வேறுபட்டது எஞ்சும். இரு பக்கத்துச் சிவப்பு முனைகளுக்கு இடையே ஒரே ஸ்பீக்கரை இணைத்துக் கேட்டாலும் இவ்விளைவே கிட்டும் (எல்லா ஆம்ப்ளிஃபயரும் இதைத் தாங்காது). பின்னர் 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற கணினி நிரல்கள் இதை எளிதாக்கின. ஆயினும் குரலோடு நடுவிலிருந்த டிரம்மும் பேஸும் சேர்ந்தே மறைந்தன. இரு தடங்களிலும் வேறுபட்டுப் பதிந்த எதிரொலியோ மறையவில்லை. பாடகர் போய்விட, அவர் நிழல் மட்டும் தொலைவில் பாடிக்கொண்டிருந்தது.

தமிழர்க்கு இதனினும் பெரிய இடையூறொன்று இருந்தது. ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப்படமாக 1978இல் வந்த ‘ப்ரியா’வைச் சொல்வர். அதற்கு முந்தியவை ஒற்றைத் தடப் பதிவுகள். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் மிஞ்சுவது சுழியம். குரலோடு இசையும் போய், அமைதியே எஞ்சும். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய 1960களின் பாடல்களைத்தான் பலரும் பாட விரும்பினர். அவற்றுக்கே இக்கணக்கு உதவவில்லை. ஆகவே கீபோர்டு வாசிப்போர் பழைய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இசை முழுவதையும் புதிதாக வாசித்துத் தந்தனர். வயலின் கூட்டமொன்று சில விசைகளில் அடங்கியது. தபலாவின் கும்கியை ரிதம் பெட்டியால் தர இயலவில்லை. எனினும் அது செவியால் செய்த உரைநூல், இகழத்தக்கதன்று.

2019இல் நிலைமை மாறியது. டீசர் நிறுவனத்தின் ஸ்ப்ளீட்டரும், ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமுக்ஸும் வெளிவந்தன. இவை கழிப்பதில்லை; குரலும் கருவிகளும் தனித்தனியே உள்ள ஏராளமான பதிவுகளிலிருந்து குரலின் இயல்பைக் கற்றுக்கொண்டு பிரிக்கின்றன. எனவே ஒற்றைத் தடப் பதிவும் இவற்றுக்கு இசைந்தது. 1950களின் பாட்டையும் இன்று வீட்டிலிருந்தபடியே சில நிமிடங்களில் குரலின்றிப் பெறலாம். குறை இல்லாமலில்லை. குரலோடு இழைந்து செல்லும் புல்லாங்குழலைச் சிலபோது குரலென்று மயங்கி நீக்கிவிடுகின்றன. சகரத்தின் சீற்றத்தையும் பாடகரின் மூச்சையும் இசையென்று விட்டுவைக்கின்றன.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. குரல் நீங்கிய இப்பதிவுகளில் திரைமேல் எழுத்தாக ஓடுவது முழுக்கவும் கவிஞரின் சொல். ஆனால் பலவற்றின் தலைப்பில் படத்தின் பெயர் இருக்கிறது, இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, நீக்கப்பட்ட குரலுக்கு உரியவர் பெயரும் இருக்கிறது. சொல்லுக்கு உரியவர் பெயர் இல்லை. 1959இல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளைத் திரையில் பார்த்துப் பாடுவோர், அவை யாருடையவை என்று அறியாமலே பாடி முடிக்க நேர்கிறது. திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் பலவும் இப்பெயரை விடாமல் அச்சிட்டவை.

பரிபாடலில் நேர்ந்தது இதற்கு மறுதலை. உ.வே. சாமிநாதையர் 1918இல் அந்நூலை வெளியிட்டபோது சொல் மட்டுமே கிடைத்தது. இசை முழுதும் போயிருந்தது. ஆயினும் மூன்றாம் பாடலின் அடிக்குறிப்பு, பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டநாகனார், பண் பாலையாழ் என மூன்றையும் தருகிறது. பெட்டநாகனார் வகுத்த இசையில் ஒரு சுரமும் இன்று இல்லை. அவர் பெயர் புலவர் பெயருக்கு அடுத்து அப்படியே இருக்கிறது.