குறிப்பு வேறு, ஓசை வேறு: கணினியில் மிடி இசையின் வரலாறு

கணினியில் மிடி கோப்பைத் திறப்பவர்களுக்கு வழக்கமாக மூன்று விதமான ஏமாற்றம் நேர்கிறது. சில நேரம் பிளேயரின் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்பீக்கரில் சத்தமே வராது. சில நேரம் வயலின் கேட்க வேண்டிய இடத்தில் பியானோ கேட்கும். இன்னும் சில நேரம், ஒரு கணினியில் நிறைவாக ஒலித்த அதே கோப்பு வேறொன்றில் பொம்மை கீபோர்டு போல மெலிந்து ஒலிக்கும். கோப்பு பழுதாகிவிட்டது, அல்லது கணினி கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. மிடி கோப்பில் ஒலி என்பதே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்தில், எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், எந்த எண்ணுள்ள வாத்தியத்தில் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் உண்டு. சுரப்படுத்தி அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகத்தைப் போன்றது அது. பாடுவதற்கு ஒருவர் வேண்டும். கட்டளையையும் ஓசையையும் இப்படிப் பிரித்து வைத்தது 1980களின் தொடக்கத்தில் தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. கணினியில் மிடி தந்த தொல்லைகளில் பெரும்பகுதிக்கும், அது இன்றுவரை உயிரோடு இருப்பதற்கும் அந்த ஒரே முடிவுதான் காரணம் என்பது என் வாதம். அதனால்தான், கோளாறைத் தீர்க்க முயல்பவருக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கும் அதன் வரலாறு நேரடியாகப் பயன்படுகிறது.

1970களின் முடிவில் சிந்தசைசர் செய்யும் நிறுவனங்கள் ஆளுக்கொரு வழியில் போய்க்கொண்டிருந்தன. மின்னழுத்தத்தால் சுரத்தைக் குறிக்கும் முறையில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கை ரோலண்ட் போன்றவை வைத்திருக்க, யமஹாவும் கோர்க்கும் வேறொரு கணக்கைப் பின்பற்றின. ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி 1981இல் பொதுவான இணைப்பு பற்றி அமெரிக்க நிறுவனங்களுடன் பேசத் தொடங்கினார். அதே ஆண்டு சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸின் டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் மாநாட்டில் ஒரு வரைவை முன்வைத்தார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர்களின் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600உம் ரோலண்டின் ஜூபிடர்-6உம் கேபிளால் இணைக்கப்பட்டு ஒன்றையொன்று இயக்கிக் காட்டின. அந்த ஆண்டே விதிமுறையும் வெளியானது. நொடிக்கு 31,250 பிட், 16 சானல், 0 முதல் 127 வரையான மதிப்புகள், ஐந்து முனைச் செருகி என்று எல்லாமே மலிவான பாகங்களால் ஆகக்கூடியவை. 31,250 என்ற எண்ணே ஒரு மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்து வந்தது. அன்றைய சாதாரண சில்லுகள் அதை எளிதாகத் தரும். பயன்படுத்துபவரிடம் உரிமத்தொகை கேட்கவும் இல்லை. ஓசை எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த விதிமுறை தொடவே இல்லை. ஐந்தாம் எண் வாத்தியம் எது என்பதை அந்தந்தக் கருவியே முடிவு செய்துகொண்டது.

ஓசையையும் அப்போதே வரையறுத்திருந்தால் பின்னால் வந்த குழப்பங்கள் இருந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1983இன் சந்தையைப் பார்த்தால் அது நடக்கக்கூடிய காரியமல்ல. ஒவ்வொரு நிறுவனமும் விற்றதே தன் ஓசையைத்தான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் என்ற ஒலியாக்க முறையை உரிமம் பெற்று வாங்கிய யமஹா, அதே 1983இல் டிஎக்ஸ்7 சிந்தசைசரை வெளியிட்டது. ரோலண்டும் சீக்வென்ஷியலும் வேறு மின்சுற்றுகளால் வேறு ஓசையை உருவாக்கின. பொது ஓசை ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தால் போட்டியாளர்கள் ஒரே மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள். வந்திருந்தாலும் 1983இன் சில்லுகளால் முடிந்த ஓசையோடு இசை கட்டுண்டு போயிருக்கும். எதில் உடன்பட முடியுமோ அதில் மட்டும் உடன்பட்டதே மிடியை உருவாக்கியவர்களின் பெரிய விவேகம்.

மேடையில் இதனால் பிரச்சினை எழவில்லை. வாசிப்பவர் தன் கருவியைத் தானே தேர்ந்தெடுக்கிறார், ஓசை எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். கணினி உள்ளே வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கணினியையும் மிடி கருவியையும் இணைக்கும் எம்பியூ-401 இடைமுகத்தை ரோலண்ட் 1984இல் கொண்டுவந்தது. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி செருகிகள் உள்ளேயே இருந்தன. 1988இல் மிடி கோப்புக்கான பொது வடிவம் வகுக்கப்பட்டது. அதுவரை வாசிப்பவரோடு இருந்த கட்டளைகள் அதன்பின் ஃபிளாப்பியில் ஏறி, முன்பின் தெரியாதவர்களின் கணினிக்குப் போயின. அங்கே என்ன கருவி இருக்கும் என்று இசையமைத்தவருக்குத் தெரியாது. 1987இல் வந்த ஆட்லிப் ஒலி அட்டையில் ஒன்பது குரல்கள் கொண்ட யமஹா எஃப்எம் சில்லு இருந்தது. அதே ஆண்டு வந்த ரோலண்டின் எம்டி-32 என்ற வெளிக் கருவி அதைவிடப் பல மடங்கு வளமாக ஒலித்தது, விலையும் அதற்கேற்ப அதிகம். 1988இல் வெளியான கிங்ஸ் குவெஸ்ட் 4 விளையாட்டின் இசை இரண்டிலும் ஒலிக்கும்படி செய்யப்பட்டது; ஆனால் இரு வீடுகளில் கேட்டது இரு வேறு இசை. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தபோது முகவரி 220, குறுக்கீட்டு எண் 7 அல்லது 5 என்ற விவரங்கள் வீட்டுக் கணினிக்காரர்களின் தலையில் விழுந்தன. 7 என்பது பிரின்டருக்கு வழக்கமாக ஒதுக்கிய எண். வெளி மிடி கருவிக்கோ 330 என்ற வேறு முகவரி. எம்பியூ-401க்கு ஒத்தவை என்று விற்கப்பட்ட பல அட்டைகள் அதன் எளிய வேலைமுறையை மட்டுமே செய்தன. முழு முறையை எதிர்பார்த்த பழைய விளையாட்டுகள் அவற்றில் ஊமையாகிப் போயின.

1991இல் வந்த ஜெனரல் மிடி இந்த இடைவெளியை மூடுவதற்கான முதல் பெரிய முயற்சி. 128 வாத்தியங்களுக்கும் நிலையான எண் தரப்பட்டது: 1 என்றால் பியானோ, 41 என்றால் வயலின், பத்தாவது சானல் தாள வாத்தியங்களுக்கு. ஒரே நேரத்தில் குறைந்தது 24 குரல்கள் ஒலிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். ரோலண்டின் எஸ்சி-55 அதே ஆண்டு வந்து நடைமுறையில் அளவுகோலாகவே ஆனது. ஆனாலும் இது வாத்தியத்தின் பெயரை நிலைநிறுத்தியதே தவிர, அந்த வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை நிலைநிறுத்தவில்லை. 1992இன் விண்டோஸ் 3.1 வேறொரு சமரசம் செய்தது. வசதியான கருவிகளுக்கு 1 முதல் 10 வரையான சானல்கள், எளிய அட்டைகளுக்கு 13 முதல் 16 வரையான சானல்கள் என ஒரே இசையை ஒரே கோப்பில் இரண்டு முறை எழுதச் சொன்னது. எதை எங்கே அனுப்புவது என்பதை மிடி மேப்பர் என்ற பட்டியல் முடிவு செய்தது. பட்டியல் பொருந்தாவிட்டால், முதல் பத்துச் சானலில் மட்டும் எழுதிய கோப்பு எளிய அட்டையில் ஒலிக்கவே இல்லை. இரண்டும் உள்ள கோப்பு நல்ல கருவியில் இரட்டிப்பாக ஒலித்தது, பதினாறாம் சானலின் தாளம் பியானோ மீட்டலாகக் கேட்டது. அன்றைய சாமானியர் கோளாறு என்று நினைத்தவை எல்லாம், ஓசை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு வந்த அரைகுறைப் பதில்களே.

பின்னர் கணினியின் வேகம் கூடியதும் ஓசையை உண்டாக்கும் வேலை அட்டையிலிருந்து மென்பொருளுக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் ரோலண்டிடம் உரிமம் வாங்கிய ஒலித்தொகுப்பை விண்டோஸில் சேர்த்தது. அதன் அளவு சுமார் 3.4 மெகாபைட்தான். இன்றும் விண்டோஸில் கேட்கும் மெலிந்த ஓசைக்கு அதுவே காரணம். எந்த மிடி கருவியில் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி விண்டோஸ் விஸ்டாவில் கண்ட்ரோல் பேனலிலிருந்து எடுக்கப்பட்டது. மாற்று வழி இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸில் டிமிடிட்டி, ஃப்ளூயிட்சிந்த் போன்ற மென்பொருள்கள் வந்தன. அவற்றுக்கும் சவுண்ட்ஃபாண்ட் போன்ற ஒலித்தொகுப்பு ஒன்றைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும், இல்லையேல் மௌனம்தான். நூறு மெகாபைட்டைத் தாண்டும் நல்ல தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. யுஎஸ்பி கேபிளில் டிஜிட்டல் பியானோவை இணைத்துவிட்டு, கணினி ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையே என்று தவிப்பவர்களும் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கேபிளில் போவது கட்டளை மட்டுமே. பாட்டின் நடுவிலிருந்து ஓட்டினால் எல்லாம் பியானோவாகக் கேட்பது ஏன் என்றால், வாத்திய எண்ணைச் சொல்லும் கட்டளை கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது, சில பிளேயர்கள் அதைத் தவறவிடுகின்றன. நிறுத்திய பிறகும் ஒரு சுரம் இழுத்துக்கொண்டே இருந்தால், தொடங்கச் சொன்ன கட்டளை வந்து, முடிக்கச் சொன்ன கட்டளை வராமல் போயிருக்கிறது.

எம்பி3 வந்தபின் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, ஒலியையே பதிந்து கொடுத்தால் போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். கேட்பதற்கு மட்டும் என்றால் போதும். மிடி கோப்பு அந்த வேலைக்கு வந்ததே அன்றைய சேமிப்பிடத்தின் நெருக்கடியால்தான். குறுந்தகட்டுத் தரத்தில் ஒன்பது நொடி இசைகூட 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் அடங்காது. அந்த நெருக்கடி தீர்ந்ததும் கேட்பவர்கள் நகர்ந்தது இயல்பு. ஆனால் பதிவில் ஒரு சுரத்தைத் திருத்தவோ, சுருதியைக் கூட்டவோ, வயலினைப் புல்லாங்குழலாக மாற்றவோ எளிதில் முடியாது. மிடியில் அது ஒரு எண்ணை மாற்றும் வேலை. 1988இன் வடிவத்தில் எழுதிய கோப்பு இன்றைய மென்பொருளில் திறக்கிறது, அன்றைய கருவியைவிடச் சிறப்பாகவும் ஒலிக்கிறது. எம்டி-32க்கென்றே எழுதிய இசை அந்தக் கருவியில்தான் சரியாக ஒலிக்கும், அங்கே இந்தப் பிரிவினால் இழப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதனால்தான் அந்தக் கருவியையே மென்பொருளாக மறுபடி செய்த மண்ட் போன்ற திட்டங்கள் மதிப்பு மிக்கவை.

இவை எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் நம் இசையிலிருந்து வருகிறது. எந்தக் கட்டளைகள் போதும் என்று முடிவு செய்தவர்கள் கீபோர்டை மனத்தில் வைத்தே முடிவு செய்தார்கள். கட்டை அழுந்துகிறது, எழுகிறது. இடைப்பட்ட வளைவு ஒரு சேர்க்கை மட்டுமே, அந்த வளைவும் சானல் முழுவதற்கும் பொது. கமகமே உயிராக இருக்கும் இசையில் சுரத்தையும் ஓசையையும் அப்படி அறுத்துப் பிரிக்க முடியாது. ஜெனரல் மிடி பட்டியலில் 105ஆம் எண்ணில் சிதாரும் 112இல் ஷெனாயும் உண்டு. வீணைக்கும் நாகசுரத்துக்கும் மிருதங்கத்துக்கும் இடமில்லை. இந்தக் குறை உண்மையானது. ஆனால் கட்டளைகளை விரிவாக்கினால் அது குறையுமே தவிர, ஓசையை விதிமுறைக்குள் பூட்டினால் குறையாது. பூட்டியிருந்தால் 1991இன் அந்த 128 வாத்தியங்களே என்றைக்கும் எல்லையாகியிருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவு தரும் எம்பிஇ முறை 2018இல் ஏற்கப்பட்டது, நுண்ணிய மதிப்புகள் கொண்ட மிடி 2.0 2020இல் வந்தது. பழைய கோப்புகள் இவற்றால் செல்லாமல் போகவில்லை. வீணையின் ஓசையைப் பதிவு செய்து சவுண்ட்ஃபாண்டாக்குவதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கணினியில் ஓசை எங்கே பிறக்கிறது என்பதைத்தான். அது அட்டையா, மென்பொருளா, வெளிக் கருவியா என்று தெரிந்த பின், கட்டளை அங்கே போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்குள்ள வாத்திய எண்கள் கோப்பு எதிர்பார்க்கும் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்தது. பிளேயரை அழித்து மறுபடி நிறுவுவதைவிட இந்த வரிசை விரைவில் பலன் தரும். ஓசையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கேட்பவரிடமும் வாசிப்பவரிடமும் இருப்பது மிடியின் குறையல்ல, 1983இல் அது நமக்குக் கொடுத்த உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதுதான் மிடியில் முதல் பாடம்.